கதிரை வந்த கோயில்: திருகோணமலைப் புனித மரியாள் பேராலயம் பறங்கி கட்டியதா?

தமிழ்நாட்டில் நாற்காலி, எங்களுக்குக் கதிரை. வீட்டு வாசலுக்கு ஆள் வந்தால் "உள்ளுக்கு வாங்கோ, கதிரையில இருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போவோம். அந்தச் சொல் போர்த்துக்கேயரிடம் வாங்கியது. அவர்களுடைய 'கதெய்ரா' நம் வாயில் கதிரையாயிற்று. கதெய்ராவின் தாய் லத்தீன் 'கத்தெத்ரா', அதற்கும் மூத்தது கிரேக்கம். ஆயர் (பிஷப்) இருந்து போதிக்கும் இருக்கைக்குத் திருச்சபை வைத்த பெயரும் அதே கத்தெத்ராதான். அந்த இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ, அது கதீட்ரல்.

தமிழில் இதைப் பேராலயம் ஆக்கியபோது ஒரு சின்னக் குழப்பம் வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய ஆலயம் என்றால் கட்டடம் பெரிது என்று நினைக்கிறோம். அளவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை. நாலு வாங்கு போட்ட சின்னக் கோயிலானாலும் ஆயரின் இருக்கை அங்கே இருந்தால் அது பேராலயம். ஆயிரம் பேர் கொள்ளும் கோயிலானாலும் இருக்கை இல்லாவிட்டால் பங்குக் கோயில்தான். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கதிரைக் கோயில்' என்றுதான் வரவேண்டும். ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். ஆனால் திருகோணமலைப் புனித மரியாள் பேராலயத்தின் கதை இந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் நேராக வரும்.

அண்மையில் ஒருநாள் பஸ் நிலையத்தடியில் ஓட்டோ பிடித்தேன். "மாதா கோயிலுக்குப் போகவேணும்" என்றேன்.

"எந்த மாதா கோயில் அண்ணை? பாலையூற்றா?"

"இல்லை, டவுனுக்குள்ள. ஆயர் இருக்கிற கோயில்."

"ஓ, பெரிய கோயில். அது பறங்கி கட்டினது அண்ணை. நானூறு வருசம்."

அந்தத் தம்பி மட்டுமல்ல, படித்தவர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். வேதக்கோயில் என்றால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பறங்கி என்றால் நானூறு வருடம் என்று கணக்கு மனத்தில் பதிந்துவிட்டது. கோயிலைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். வானநீல நிறத்தில் ஒரு முகப்பு. ஐரோப்பியர் பரோக் என்று சொல்லும் பாணியின் சாயலில் தூணும் வளைவுமாக எழுந்து, பின்னால் உள்ள கட்டடத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நீலம் மாதாவின் நிறம் என்பது எந்தக் கத்தோலிக்கப் பிள்ளைக்கும் தெரியும். பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போனால் கட்டடத்தின் குணம் மாறிவிடும்: ஓடு போட்ட கூரை, கோபுரம், அலங்காரம் குறைந்த உடம்பு. முன்னால் நிற்பவருக்கு கோவா, பின்னால் நிற்பவருக்கு இலங்கை. முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் அதைப் பதினேழாம் நூற்றாண்டில் கொண்டுபோய் வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கோயில் எழுந்தது 1852இல். பிரித்தானியர் காலம் அரைநூற்றாண்டு கடந்த பிறகு.

பறங்கிக் காலம் திருகோணமலையில் எவ்வளவு நாள் என்று ஒருமுறை விரல் விட்டுப் பார்ப்போம். 1624இல் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தான். சித்திரை வருடப்பிறப்பு அன்று, சுவாமி ஊர்வலம் போயிருந்த நேரத்தில் படை உள்ளே புகுந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சம்பந்தர் பாடிய தலம். அதன் கல்லைப் பெயர்த்து, அதே குன்றின் கழுத்தில் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் பதினைந்து வருடம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் போலப் பங்கு பங்காகக் கோயில் எழுப்பி நிலைக்க இங்கே அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை.

அந்தப் பதினைந்து வருடத்தின் உண்மையான நினைவுச்சின்னம் பேராலயத்தில் இல்லை, கோட்டை வாசலில் இருக்கிறது. கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் இன்றும் அந்த வாசலால்தான் நுழைகிறார்கள். இராணுவம் உள்ளே இருக்கிறது, மான்கள் நடமாடுகின்றன, பஸ்ஸில் வந்த சனம் செல்பி எடுக்கிறது. வாசல் நிலைக்கல்லில் இரட்டை மீன் செதுக்கப்பட்டிருக்கிறது. பாண்டியரின் சின்னம். பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள்: "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று கூட்டி வாசிக்கப்படும் வரி. கோயில் கல் கோட்டையின் நிலைக்கல்லான கதையைக் கல்லே சொல்கிறது. இடித்த பிறகு யாரோ வெட்டினார்களா, முன்பே வந்த தீர்க்கதரிசனமா என்று இரண்டு கட்சி உண்டு. எனக்கு முதல் கட்சிதான் நம்பும்படி இருக்கிறது. இடிபட்டதைக் கண்ணால் கண்டவன் சொல்லியிருக்கக்கூடிய வரி அது.

ஒல்லாந்தர் வந்த பிறகு கத்தோலிக்கருக்குத்தான் கெட்ட காலம். 1658இல் அவர்கள் போட்ட கட்டளைப்படி, கத்தோலிக்கக் குரு ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரணதண்டனை. அதைவிட நாளாந்தம் உறுத்தியது தோம்பு என்ற பதிவேடு. பிறப்பும் கலியாணமும் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைத் தோம்பில் பதிந்தால்தான் சட்டத்தின் கண்ணில் செல்லும். காணி உரிமை கைமாறவும் அந்தப் பதிவு தேவைப்பட்டது. அதனால் பகலில் ஒல்லாந்தன் கோயிலில் பேர் பதிந்து, இரவில் செபமாலை சொன்ன குடும்பங்கள் இலங்கைக் கரையோரம் முழுவதும் இருந்தன. குருமாருக்குப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்க வந்தவர்கள் ஐரோப்பியர் இல்லை, கோவாவின் ஒறட்டோரியன் சபைக் குருமார். அவர்களில் முதல்வர் புனித யோசேவ் வாஸ். 1687இல் யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரனைப் போலக் கரையேறி, 1711இல் கண்டியில் இறந்தவர். 2015 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இந்த இடத்தில்தான் கோயிலின் முகப்புப் புதிருக்கு எனக்கு ஒரு விடை தெரிகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இலங்கைக் கத்தோலிக்கர் கண்ட குரு கோவாக்காரர். கோயில் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற படம் கோவாவிலிருந்து வந்தது. போர்த்துக்கேயரின் கோட்டை விழுந்து இருநூறு வருடத்துக்குப் பிறகும், கட்டச் சுதந்திரம் கிடைத்தபோது, சனம் நினைவிலிருந்து எடுத்தது அந்தப் படத்தைத்தான். இது என் ஊகம். ஆனால் தீவின் கரையோரம் முழுக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோயில்கள் பல இதே முகத்தோடு நிற்பதைப் பார்த்த பிறகு வந்த ஊகம்.

கட்டும் சுதந்திரம் வந்தது 1806இல். 1795இல் பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தார்கள். 1806இல் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த ஒல்லாந்தச் சட்டங்களை நீக்கினார். 1834இல் இலங்கை முழுவதும் ஒரே அப்போஸ்தலிக்க ஆளுகைக்குள், அதாவது மறைமாவட்டம் ஆகுமுன் உரோமையின் பேரில் நடத்தப்படும் பகுதிக்குள், வந்தது. 1840களில் அது யாழ்ப்பாணம், கொழும்பு என்று இரண்டாயிற்று. திருகோணமலை யாழ்ப்பாணத்தின் பங்கில் விழுந்தது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தார்கள். இந்தக் கொதிப்பின் நடுவில்தான் 1852. கோட்டைக்குள் அல்ல, கோட்டைக்கு வெளியே, ஊருக்குள். இந்த வேறுபாட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1624இல் வந்த சிலுவை படையோடு மலையேறியது. 1852இல் எழுந்தது பங்குச் சனத்தின் தெருவில் நின்றது.

அதே 1852ஐ இந்த ஊரின் இன்னொரு கல்லிலும் பார்க்கலாம். ஐரோப்பாவின் பழைய பேராலயங்களுக்குள் போனால் தரையெல்லாம் கல்லறை, சுவரெல்லாம் பிரபுக்களின் பேர். திருகோணமலைக்கு வரும் வெள்ளைக்காரப் பயணிகள் அந்தப் பழக்கத்தில் பேராலயத்துக்குள் கல்லறை தேடுவதுண்டு. அவர்கள் தேடுவது அங்கே இல்லை, எஸ்பிளனேட் திடலடியில் உள்ள புனித ஸ்தேவான் கல்லறைத் தோட்டத்தில். அது அங்கிலிக்கரின் இடம். கடற்படை அதிகாரிகள் பெரும்பாலும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள்; கத்தோலிக்கருக்கு வேறாகச் சேமக்காலை. அங்கே கிடப்பவர்களில் ஒருவர் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. இரண்டாம் பர்மியப் போருக்குப் போய், ஐராவதி ஆற்றில் கப்பலில் வாந்திபேதி கண்டு, 1852 ஒக்டோபர் 7இல் இறந்தார். உடல் திருகோணமலைக்கு வந்தது. ஊரின் ஒரு பக்கம் மாதா கோயில் எழும்பிய அதே வருடம்.

அந்தத் தோட்டத்தில் எனக்குப் பிடித்தவர் ஒஸ்ரின் அல்ல, பேர்சி மோல்ஸ்வேத். பிரித்தானியப் படையில் பொறியியல் அதிகாரி. வேலை கோட்டையில், மனம் வானத்தில். திருகோணமலையின் தெளிந்த வானத்தில் தன் சொந்தத் தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதியவர். 1901இல் வியாழனின் தென் வெப்பவலயத்தில் தோன்றிய பெரும் குழப்பத்தை முதலில் கண்டவர்களில் வைத்துப் பேசப்படுகிறார். 1908 நத்தார் அன்று இந்த ஊரிலேயே இறந்தார். செவ்வாயில் ஒரு பள்ளம் அவர் பேரைச் சுமக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கல்லை நம்பிக் கதை கட்டக்கூடாது என்பதற்கு இங்கே இன்னொரு சாட்சியும் உண்டு. கோணேசர் கோயில் உள்ள சுவாமி மலை உச்சியில் ஒரு தூண். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பேரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் பொறித்தது. காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போக, அவள் மலையிலிருந்து கடலில் பாய்ந்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். ஆவணங்களின்படி அவள் அதற்குப் பிறகும் பல வருடம் உயிரோடு இருந்தாள், கலியாணமும் செய்தாள்.

சரி, கதிரைக்கு வருவோம். 1852இலிருந்து நாற்பத்தொரு வருடம் மரியாள் கோயில் கதிரை இல்லாத கோயில். யாழ்ப்பாணத்து ஆயரின் கீழ் ஒரு பங்கு. 1893 ஆகஸ்ட் 25இல் உரோமை, இலங்கையில் இரண்டு புதிய மறைமாவட்டங்களை ஒரே நாளில் உண்டாக்கியது: காலி, திருகோணமலை. காலி பெல்ஜிய இயேசு சபையாரிடம் போனது, திருகோணமலை பிரெஞ்சு இயேசு சபையாரிடம். ஒரு செங்கல் கூட்டாமல், ஒரு தூண் நகராமல், மரியாள் கோயில் பேராலயமாயிற்று.

ஆனால் கதிரையில் இருக்க ஆள் இல்லை. முதல் ஆயர் சார்ள்ஸ் லவீன் நியமிக்கப்பட்டது 1898இல். ஐந்து வருடம் வெறுங்கதிரை. லவீன் ஒன்றும் புது ஆள் இல்லை. கேரளத்தின் கோட்டயத்தில் சிரிய வழிபாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு அப்போஸ்தலிக்க ஆளுநராக இருந்தவர். 1913இல் அவர் இறந்தார். அடுத்தவர் கஸ்தோன் ரொபிஷே வந்தது 1917இல், உலகப்போரின் நடுவில். திரும்பவும் நாலு வருட இடைவெளி. ரொபிஷே 1946 வரை இருந்தார். திருகோணமலையைப் பொறுத்தவரை பயங்கரமான காலம் அது: 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு கொட்டின, அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரரின் இடத்துக்கு அமெரிக்கர் வந்தார்கள். நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி மெக்சிக்கோவில் பிறந்தவர். இலங்கையில் கடைசி வெளிநாட்டு ஆயர் அவர்தான். 1974 வரை இருந்தார். இந்த அமெரிக்கர் விட்டுப்போனவற்றில் கிழக்கு மாகாணம் இன்றும் மறக்காதது கூடைப்பந்து. 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியின் மைதானத்தில் அந்த விளையாட்டை ஊன்றியவர்களில் ஒருவர் லூசியானாக்காரரான யூஜின் ஹேபர்ட் அடிகள். பிறகு மட்டக்களப்புக்குப் போனார். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பேராலயங்களில் கல்லறை தேடுகிறவர்கள் இந்தக் காணாமல்போன குருவையும் நினைக்கலாம். அவருக்குக் கல்லறையே இல்லை.

கிளெனிக்குப் பிறகு கதிரை நம்மவர் கைக்கு வந்தது: 1974இல் லியோ ராஜேந்திரம் அன்ரனி, 1983இல் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை. சுவாம்பிள்ளை ஆண்டகை 2015 வரை முப்பத்திரண்டு வருடம். வருடங்களைப் பாருங்கள்: அவர் வந்தது 1983இல். போர், இடப்பெயர்வு, 2004 சுனாமி எல்லாம் அவர் காலத்திலேயே.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டது புனித மரியாள் பேராலயத்தில் என்று வாசித்துவிட்டுப் பலர் திருகோணமலையை நினைக்கிறார்கள். அது மட்டக்களப்பு, புளியந்தீவில் உள்ள மரியாள் பேராலயம். இரண்டுக்கும் ஒரே பேர், அந்த இரவில் இரண்டுக்கும் ஒரே ஆயர். காரணம், 1967இல் மறைமாவட்டத்தின் பேரே திருகோணமலை-மட்டக்களப்பு என்று மாறியிருந்தது. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. திருகோணமலை பழைய ஒற்றைப் பேருக்குத் திரும்பியது. 1893இல் எல்லை கீறியபோது நடந்தது போலவே, கட்டடத்தில் ஒரு கீறலும் இல்லை. ஆட்சி செய்யும் நிலம் மட்டும் சுருங்கியது.

ஓட்டோத் தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பறங்கி இல்லைத் தம்பி, வெள்ளைக்காரன் காலம், 1852" என்று மட்டும் சொன்னேன். "அப்ப பறங்கி கட்டினது ஒண்டும் இஞ்ச இல்லையா அண்ணை?" என்று திருப்பிக் கேட்டான்.

கட்டியது என்று பார்த்தால் கோட்டைதான், அதுவும் பிறகு வந்த ஒல்லாந்தரும் பிரித்தானியரும் மாற்றி மாற்றிக் கட்டியது. 1803இல் பிரித்தானிய இளவரசன் ஒருவனின் பேரை வைத்துப் பிரெட்ரிக் கோட்டை என்றும் ஆக்கினார்கள். ஆனால் பறங்கி விட்டுப்போனது இல்லாமல் இல்லை. அவன் முதலில் என்னைக் கேட்டானே, பாலையூற்றா என்று, அங்கே போகவேண்டும். லூர்து அன்னையின் திருத்தலம் உள்ள இடம். பறங்கியர் என்று நாங்கள் சொல்லும் போர்த்துக்கேய வழிவந்த குடும்பங்கள் அந்தப் பக்கம் வாழ்கின்றன. மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள், அங்கே தொகை கூட. வீட்டில் தமிழ் பேசினாலும், வயதானவர்களின் வாயில் நானூறு வருடத்துப் போர்த்துக்கேயக் கிரியோல் பாஷை இன்னும் கிடக்கிறது. கலியாண வீட்டில் கஃப்ரிங்ஞா ஆட்டமும் உண்டு. ஒல்லாந்தன் தடை போட்டபோதும் கத்தோலிக்கராகவே நின்ற சனம். கிழக்கின் பறங்கியர் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில்கள் கொல்லுவேலை, தையல், பிறகு மோட்டார் திருத்தம். அதோடு தச்சுவேலை. கதிரை செய்த கைகள்.